கெளுத்திக்கு மீன் இரை: வெட்டுவதும் வைத்திருப்பதும்

யாழ்ப்பாணத்தின் பண்ணைப் பாலத்தடியில் தூண்டில் போடுகிறவர்களிடம் கெளுத்தியைப் பற்றிக் கதை கொடுத்தால் பாதிப்பேர் ஒரே விசயத்தைத்தான் சொல்வார்கள்: அதுக்கு எதைப் போட்டாலும் காணும், நாறினால் இன்னும் திறம். நான் இதை ஒப்புக்கொள்வதில்லை. வெயிலில் கிடந்து வயிறு வெடித்த சூடையைத் தூண்டிலில் குத்தி வீசினால், தண்ணியில் விழ முதலே பாதி கழன்றுவிடும், மிச்சத்தை நண்டும் பேத்தையும் தின்னும், கெளுத்தி வரும்போது வெறும் தூண்டில்தான் கிடக்கும். நல்ல இரை என்றால் இரத்தமும் சாறும் உள்ளே இருக்கிற, தோல் இறுக்கமான, தூண்டிலில் நிற்கிற மீன் துண்டு. அதைப் பிடிபட்ட நேரம் தொடக்கம் தண்ணியில் வீசும் மட்டும் எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் முழு வேலையும்.

ஏன் சாறு முக்கியம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது விளங்கினால் மற்ற எல்லாம் தானாக விளங்கும். கெளுத்திக்குக் கண்ணை விட நாக்குத்தான் பெரிது, அந்த நாக்கு வாய்க்குள் மட்டும் இல்லை. மீசையில், உதட்டில், உடம்புத் தோல் முழுக்கச் சுவை மொட்டுகள் இருக்கின்றன. மாரி மழைக்குப் பிறகு களப்புத் தண்ணி கலங்கிக் கிடக்கும்போதும், நிலவில்லாத இரவிலும் அது இரையைத் தேடிப் பிடிப்பது இதனால்தான். அது உணர்வது முக்கியமாக அமினோ அமிலங்களை. அவை தண்ணியில் கரைகிறவை, இரத்தத்திலும் தசைச் சாற்றிலும் இருப்பவை. மீன் எண்ணெய் தண்ணியில் கரையாது, மேலே மிதந்து போய்விடும். ஆகவே "எண்ணெய் கூடின மீன் என்றால் போதும்" என்பதும் பாதி உண்மைதான். இரத்தம் வடிந்து போன மீனில் எவ்வளவு எண்ணெய் இருந்தாலும் அடித்தளத்தில் மேய்கிற கெளுத்திக்குப் பெரிதாக ஒன்றும் போய்ச் சேராது.

சரி, எந்த மீன் வாங்குவது? சூடையும் சாளையும் மலிவு, இரத்தம் கூட, வாசம் கெதியாகப் பரவும், ஆனால் தசை மென்மை. பெரிய வீச்சு வீசுகிறவர்களுக்கு அது சரிவராது, பாலத்தடியில் காலடியில் இறக்கிப் போடுகிறவர்களுக்கு நல்லது. என்னிடம் கேட்டால் கும்பிளாவைத்தான் சொல்வேன். தோல் உறுதி, இரத்தம் நிறைய, விலையும் தாங்கக் கூடியது. மணலை கிடைத்தால் அதுவும் நல்ல இரை, களப்பிலேயே திரிகிற மீன் என்பதால் கெளுத்திக்குப் பழக்கமானது, தோலும் தடிப்பு. கணவாய் தூண்டிலில் மணிக்கணக்காக நிற்கும், ஆனால் மீன் அளவுக்கு இரத்தச் சாறு விடாது. அதனால் கணவாய்க் கீற்று ஒன்றையும் கும்பிளாத் துண்டு ஒன்றையும் ஒரே தூண்டிலில் சேர்த்துக் குத்துகிறவர்கள் இருக்கிறார்கள், அது கெட்டித்தனமான யோசனை. இறாலை எல்லா மீனும் தின்னும், அதனாலேயே சின்ன மீன் எல்லாம் வந்து பிய்த்துக்கொண்டு போகும். பெரிய கெளுத்திதான் வேண்டும் என்றால் இறாலைக் கறிக்கு வையுங்கள்.

பாசையூரோ குருநகரோ காக்கைதீவோ, எந்த மீன் சந்தையில் வாங்கினாலும் கண், செவுள், வயிறு மூன்றையும் பாருங்கள். கண் தெளிவாக, செவுள் சிவப்பாக, வயிறு இறுக்கமாக இருக்க வேண்டும். சூடை, சாளையில் முதலில் பழுதாவது வயிறுதான். தீன் நிறைந்த குடலின் சாறு உள்ளிருந்தே தசையைக் கரைக்கத் தொடங்கிவிடும், அதனால் மேலுக்கு மினுங்கினாலும் வயிற்றைப் பெருவிரலால் ஒருக்கா அமத்திப் பாருங்கள், பொதுக்கென்று போனால் விட்டுவிடுங்கள். இன்னொன்று, கரைந்த ஐஸ் தண்ணிக்குள் ஊறிக் கிடக்கிற மீனை எடுக்க வேண்டாம். சமைக்க அது பரவாயில்லை, இரைக்குச் சாறு போய்விட்டது. எடுத்த உடனே சொல்லிவிட வேண்டும்: "அக்கா, வெட்ட வேண்டாம், கழுவவும் வேண்டாம், அப்பிடியே போட்டுத் தாங்கோ." பழக்க தோசத்தில் செதிலைச் சுரண்டிக் குடலை எடுத்து வாளித் தண்ணியில் அலசித்தான் தருவார்கள், நீங்கள் காசு கொடுத்து வாங்கின அந்த இரத்தம் முழுக்க வாளிக்குள் போய்விடும்.

வாங்கின கையோடு குளிரில் வையுங்கள். எங்கள் வெயிலுக்கு ஒரு மணித்தியாலம் சொப்பிங் பையில் சைக்கிள் ஹாண்டிலில் தொங்கினாலே மீன் குழைந்துவிடும். ரெஜிபோம் பெட்டி ஒன்று எடுத்துப் போங்கள், மீன் கடைகளில் பழைய பெட்டி சும்மாவே தருவார்கள். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது இந்த வெக்கைக்குச் சரியான கணக்கு. மீனை இறுக்கிக் கட்டின பைக்குள் போட்டு அந்தப் பையை ஐஸுக்குள் புதையுங்கள். ஐஸ் தண்ணி மீனில் படக் கூடாது, குளிர் மட்டும்தான் பட வேண்டும். பெட்டியின் அடியில் ஒரு சின்ன ஓட்டை போட்டுவிட்டால் கரைகிற தண்ணி வெளியே போய்விடும்.

இனி வெட்டுகிற வேலை. கிணற்றடியில் பலகை போட்டு வெட்டுவது நல்லது, வீட்டுக்குள் என்றால் இரண்டு நாளைக்கு வாசம் போகாது. ஆனால் கிணறு பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக மீனைக் கழுவ வெளிக்கிடாதீர்கள். மண் பட்டிருந்தால் ஈரத் துணியால் துடையுங்கள், அல்லது கடல் தண்ணியில் ஒருக்கா முக்கி எடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். வெட்ட முதல் மீனை பிறீசரில் முக்கால் மணித்தியாலம் அளவு வைத்துப் பாதி இறுகின பதத்தில் எடுத்தால் கத்தி நேராக இறங்கும், தசை நசியாது. சூடை போன்ற மெத்தென்ற மீனுக்கு இது கட்டாயம் செய்ய வேண்டியது. கத்தி கூராக இருக்க வேண்டும். மொட்டைக் கத்தியால் அறுத்தால் அது தசையை வெட்டாது, நசுக்கும், சாறு பலகையிலேயே வடிந்துவிடும்.

செதில் பெரிய மீன் என்றால் செதிலை எடுத்துவிடுங்கள். மணலையின் செதில் ஒன்று தூண்டில் முனையில் போய் ஏறிக்கொண்டால் கெளுத்தி எவ்வளவு இழுத்தாலும் அதன் வாயில் தூண்டில் ஏறாது. சூடையில் செதில் தானாகவே கொட்டிவிடும், கவலை இல்லை. வால் செட்டையை வெட்டி எறியுங்கள். வால் இருந்தால் துண்டு நீரோட்டத்தில் சுழன்று தங்கூசி முறுக்கிக்கொள்ளும். தலையை வெட்டும்போது நேர் குறுக்கே வெட்டாமல், பக்கச் செட்டைக்குப் பின்னால் இருந்து வயிற்றுப் பக்கமாகச் சரித்து வெட்டினால் குடலும் ஈரலும் தலையோடு சேர்ந்து நிற்கும். அந்தத் தலைத் துண்டுதான் முழு மீனிலும் நல்ல இரை, பெரிய கெளுத்திக்கு அதைத் தனியாக எடுத்து வையுங்கள். எலும்பும் தாடையும் இருப்பதால் நண்டு அவ்வளவு கெதியாகத் தின்று முடிக்காது.

மிச்ச உடம்பை இரண்டு விதமாக வெட்டலாம். முள்ளோடு குறுக்கே வெட்டுகிற துண்டு ஒன்று. களப்பில் சாதாரணமாகப் பிடிபடுகிற அரைக் கிலோ, ஒரு கிலோக் கெளுத்திக்கு இரண்டு மூன்று சென்ரிமீற்றர் அகலம் போதும், இரவில் பெரிதை நோக்கிப் போடுவதென்றால் ஐந்து ஆறு வரை போகலாம். மற்றது தோலோடு சேர்த்துச் சீவி எடுக்கிற கீற்று. நடு முள்ளை ஒட்டிக் கத்தியை ஓட்டிப் பக்கத்தை முழுதாக எடுத்து, அதை ஒன்றரைச் சென்ரிமீற்றர் அகலத்தில், ஒரு நுனி ஒடுங்கி வருகிற மாதிரிச் சரித்து அறுங்கள். கீற்று நீரோட்டத்தில் ஆடும், வெட்டுமுகம் கூட என்பதால் சாறும் கெதியாக விடும், ஆனால் கெதியாக வெளிறியும் போகும். ஆட்கள் பொதுவாகத் துண்டைப் பெரிதாகத்தான் வெட்டுகிறார்கள். துண்டு பெரிதானால் தூண்டில் முனை இறைச்சிக்குள் புதைந்து போகும், கடி வரும், இழுத்தால் ஒன்றும் இருக்காது. தூண்டிலின் அளவைப் பார்த்து இரையை வெட்டுங்கள்.

வைத்திருப்பதைப் பற்றித்தான் கூட எழுத வேண்டும், ஏனென்றால் பலர் இரையைப் பழுதாக்குவது இங்கேதான். அன்றைக்கே போவதென்றால் ஐஸ் பெட்டி போதும். அடுத்த நாள் என்றால் காற்றுப் போகாத பெட்டியில் போட்டு பிறிட்ஜின் கீழ்த் தட்டில் வைக்கலாம். அதற்கு மேல் என்றால் உறைய வைக்க வேண்டும், அல்லது உப்புப் போட வேண்டும்.

உறைய வைக்கிறபோது விளங்கிக்கொள்ள வேண்டியது வேகம். மீனில் உள்ள தண்ணி மெதுவாக உறைந்தால் ஐஸ் பளிங்குகள் பெரிதாக வளர்ந்து தசையின் கலங்களைக் கிழித்துவிடும், பிறகு இளகும்போது சாறு முழுக்க வெளியே ஓடி, துண்டு ஊறின பாண் மாதிரி ஆகிவிடும். ஒரு கிலோ மீனை ஒரே பையில் உருட்டிப் போட்டால் நடு உறைய இரவு முழுக்க எடுக்கும், அதுதான் அந்தக் குழைவுக்குக் காரணம். ஆகவே துண்டுகளை ஒரே தட்டாகப் பரப்பித் தட்டைப் பைகளில் போடுங்கள். ஒரு பையில் ஒரு தரம் போவதற்குத் தேவையான அளவு மட்டும். பையின் வாயை மட்டும் மேலே வைத்து மிச்சத்தை ஒரு வாளித் தண்ணிக்குள் மெல்ல இறக்கினால் தண்ணி அமத்துகிற அமத்தில் காற்று வெளியே போய்விடும், அந்த நிலையிலேயே முடிச்சுப் போடுங்கள். காற்று இருந்தால் எண்ணெய் மீனில் காறல் பிடிக்கும், மஞ்சள் நிறமும் பழைய எண்ணெய் வாசமும் வரும். கும்பிளா, சூடை எல்லாம் நன்றாகக் கட்டி வைத்தாலும் இரண்டு மூன்று மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். பையில் திகதியும் "இரை" என்றும் எழுதி ஒட்ட மறக்க வேண்டாம். வீட்டில் யாராவது தெரியாமல் எடுத்துச் சமைத்தால் அது சிரிக்கிற விசயம் இல்லை. வெக்கையில் கிடந்த கும்பிளா, சூரை போன்ற மீன்களில் ஹிஸ்டமின் என்ற நஞ்சு சேரும், அது உறைய வைத்தாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது.

வீட்டில் பிறிட்ஜ் பொதுச் சொத்து என்பதையும் யோசிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மரக்கறி, கந்தசஷ்டி விரதம், நல்லூர்த் திருவிழா 25 நாளும் மச்சம் இல்லை என்று இருக்கிற வீடுகளில் பாலுக்குப் பக்கத்தில் மீன் இரைப் பை கிடந்தால் அம்மா தூக்கி வெளியே எறிவதில் ஒரு பிழையும் இல்லை. அதற்கு ஒரே வழி இரண்டு அடுக்கு. பைகளை எல்லாம் மூடி இறுகுகிற பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றுக்குள் போட்டு, அந்தப் பெட்டியை வேறு எதற்கும் பாவிக்காமல் விடுங்கள். விரத காலத்துக்கு முன்னர் இருக்கிறதைப் பிடித்து முடித்துவிடுவது இன்னும் நல்லது, அல்லது மீன் வைக்கத் தடை இல்லாத சிநேகிதன் வீட்டில் கொடுத்து வையுங்கள்.

கரண்ட் நின்றால்? 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்றது எல்லாருக்கும் நினைவிருக்கும். நிறைந்த டீப் பிறீசரைத் திறக்காமல் விட்டால் 48 மணித்தியாலம் அளவும், பாதி நிறைந்தது 24 மணித்தியாலம் அளவும் குளிரைப் பிடித்து வைத்திருக்கும் என்பது பொதுவான கணக்கு. ஆனால் சாதாரண பிறிட்ஜின் மேல் தட்டுக்கு அது பொருந்தாது, எங்கள் வெக்கைக்கு இன்னும் குறையும். இளகின இரையைத் திரும்ப உறைய வைக்காதீர்கள், அதைவிட அந்த நேரமே உப்பைப் போட்டுவிடுங்கள்.

உப்பு இரை பழைய ஆட்களின் வழி. யாழ்ப்பாணத்தில் கருவாடு போடத் தெரியாத கரையோர ஊர் இல்லை, அந்தக் கைப்பக்குவம் பாதி இங்கே உதவும். மற்றப் பாதி உதவாது, ஏனென்றால் கருவாட்டில் ஈரம் முழுக்கப் போக வேண்டும், இரையில் ஈரம் கொஞ்சம் நிற்க வேண்டும். உப்பு, மீனில் உள்ள தண்ணியை வெளியே இழுத்துத் தோலையும் தசையையும் இறுக்கும். நன்மை என்னவென்றால் துண்டு தோல் வார்ப் பதத்துக்கு வரும், எவ்வளவு தூரம் வீசினாலும் கழறாது, நண்டு பிய்க்கவும் நேரம் எடுக்கும். தீமை, இழுத்த தண்ணியோடு சாறும் போகும். ஆகவே அளவாகப் போட வேண்டும். நாலு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு, நிறைக் கணக்கில். பொடி உப்பு வேண்டாம், அது மேல் தோலை உடனே இறுக்கி உள்ளே போகாமல் நின்றுவிடும். ஆனையிறவுக் கட்டி உப்பு மாதிரி மெதுவாகக் கரைகிறதுதான் சரி. அடியில் உப்பு, மேலே தோல் கீழ் பார்க்க ஒரு தட்டுத் துண்டு, திரும்ப உப்பு என்று அடுக்கி, மூடிக் குளிரில் ஒரு நாள் வையுங்கள். ஊறி நிற்கிற சிவப்புத் தண்ணியை வடித்து ஒரு போத்தலில் ஊற்றி வைத்துவிட்டு, துண்டுகளைக் கொஞ்சம் புது உப்புத் தூவிப் பையில் கட்டி பிறீசரில் போடுங்கள். உப்புச் சேர்ந்த இரை கல்லாக உறையாது, எடுத்த உடனே விரலால் பிரிக்கலாம், இது ஒரு பெரிய வசதி. பிறிட்ஜே இல்லை என்றால் உப்பைக் கூட்டி, ஈ போகாத மூடிப் போத்தலில் நிழலில் வைத்தால் சில நாள் தாங்கும். அந்த வடித்த தண்ணியை எறிய வேண்டாம், சாறு முழுக்க அதில்தான் இருக்கிறது. போக முதல் துண்டுகளை அதில் ஒருக்கா முக்கி எடுங்கள், அல்லது தவிட்டையும் வெட்டி மிஞ்சின குடலையும் அதில் பிசைந்து உருட்டித் தூண்டில் போடுகிற இடத்தில் எறியுங்கள்.

எது நல்லது என்று கேட்டால், முதலாவது அன்றைக்கு வாங்கின மீன், இரண்டாவது தட்டையாக உறைய வைத்தது, மூன்றாவது உப்பு. காற்றுப் பலமான சோளக நாளில், தூர வீச வேண்டிய இடத்தில் மட்டும் உப்பு இரை முதலாவதாக வரும்.

உறைந்த இரையை முதல் நாள் இரவே கீழ்த் தட்டுக்கு மாற்றி மெதுவாக இளக விடுங்கள். வெயிலில் வைத்தோ சுடுதண்ணி ஊற்றியோ இளக்க வேண்டாம். பைக்குள் சேருகிற சிவப்புச் சாற்றோடேயே கொண்டு போங்கள். தண்ணிக் கரையில் பெட்டியை ஈரச் சாக்கால் மூடி நிழலில் வைத்து, ஒவ்வொரு துண்டாக எடுங்கள், பத்துத் துண்டை வெளியே பரப்பி வைத்தால் கடைசித் துண்டு காய்ந்துவிடும்.

தூண்டிலில் குத்தும்போது தோல் பக்கத்தால் ஏற்றி இறைச்சிப் பக்கத்தால் எடுங்கள், முனை வெளியே தெரிய வேண்டும். கீற்று என்றால் அகன்ற நுனியில் ஒரு தரம் குத்தினால் காணும், சுருட்டிச் சுருட்டி உருண்டையாக்க வேண்டாம். சூடை மாதிரி மென்மையானதைச் சாதாரண தையல் நூலால் ஐந்தாறு சுற்றுச் சுற்றிவிட்டால் வீச்சுக்குத் தாங்கும், முடிச்சுக்கூடத் தேவையில்லை. பதினைந்து இருபது நிமிசத்துக்கு ஒருக்கா எடுத்துப் பாருங்கள். வெள்ளையாக வெளிறியிருந்தால் துண்டு முழுதாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள், அதில் கரைய ஒன்றும் மிச்சமில்லை. வற்று, பெருக்கு மாறித் தண்ணி ஓடத் தொடங்குகிற நேரத்துக்குப் புதுத் துண்டு தண்ணியில் இருக்க வேண்டும், ஏனென்றால் சாற்றைத் தூரம் கொண்டு போவது அந்த ஓட்டம்தான்.

இரணைமடு போன்ற குளங்களில் போடுகிறவர்களுக்கும் வெட்டுகிற முறை இதுதான். ஆனால் உப்பு இரையை நன்னீரில் போட முதல் குளத்துத் தண்ணியில் கொஞ்ச நேரம் ஊற வைத்து மேல் உப்பைப் போக்குங்கள்.

கெளுத்தி ஏறினால் கையால் பொத்திப் பிடிக்காதீர்கள். முதுகில் ஒன்று, பக்கச் செட்டைக்கு ஒவ்வொன்று என மூன்று முள், நஞ்சு உள்ளது. விலாங்கு மாதிரி வால் ஒடுங்கின கெளுத்தியின் முள் இன்னும் கொடுமை. குறடும் தடித்த துணியும் இரைப் பெட்டியோடேயே இருக்கட்டும். குத்திவிட்டால் தாங்கக் கூடிய அளவு சூடான தண்ணியில், தோல் அவியாத சூட்டில், அரை மணித்தியாலம் தொடக்கம் ஒன்றரை மணித்தியாலம் வரை கையை வைத்திருந்தால் வலி இறங்கும். குத்தாத மற்றக் கையால் முதலில் சூட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். முள் முறிந்து உள்ளே நின்றாலோ, வீக்கம் ஏறினாலோ ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஏற்புத் தடுப்பூசியும் பார்க்க வேண்டும்.

முடிந்து வெளிக்கிடும்போது மிஞ்சின இளகின துண்டுகளைத் திரும்பக் கொண்டு வந்து உறைய வைக்காமல் களப்பிலேயே மீனுக்குப் போட்டுவிடுங்கள், பையை மட்டும் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். வீட்டில் வெட்டின கழிவை வாழையடியில் ஆழமாகத் தாட்டுவிடுங்கள், மேலாகத் தாட்டால் இரவே நாய் கிளறிவிடும். கைவாசம் போகத் தேசிக்காய்க் கோதும் உப்பும் போட்டுத் தேய்த்தால் காணும், பலகைக்கும் அதேதான்.